ஓரங்கள் அடங்கும், நடு அடங்காது



கரும்பலகையில் ஓர் எண் எழுதியிருக்கிறேன். கடைசி வரிசைக்குத் தெரியாது என்பதால் வாசித்துவிடுகிறேன்: 77371252455336267181195264. ஒன்றில் தொடங்கி 86 தடவை இரட்டித்தால் இது வரும். மொத்தம் 26 இலக்கங்கள். இன்னொரு முறை நிதானமாகப் பாருங்கள், இதில் ஒரு பூஜ்ஜியம்கூடக் கிடையாது.

இதில் என்ன விசேஷம் என்று நினைப்பீர்கள். 1, 2, 4, 8, 16 என்று போகும் இந்த வரிசையில் முதல் பூஜ்ஜியம் 1024-இல் வருகிறது. அதற்குப் பிறகும் பூஜ்ஜியம் இல்லாத எண்கள் அவ்வப்போது தலைகாட்டுகின்றன. 67-ஆவது இரட்டிப்பில் ஒன்று, 72-இல் ஒன்று, பிறகு 76, 77, 81, கடைசியாக 86. தொடக்கத்தில் உள்ள 1-ஐயும் சேர்த்தால் மொத்தம் 36 எண்கள். அதோடு சரி. கணினியை வைத்துக் கோடிக்கணக்கான அடுக்குகள் வரை தேடிப் பார்த்தாகிவிட்டது, 37-ஆவது எண் அகப்படவில்லை. இனி அகப்படாது என்பதில் இந்தத் துறையில் யாருக்கும் பெரிதாகச் சந்தேகம் இல்லை. ஆனால் அகப்படாது என்று நிரூபித்தவரும் யாரும் இல்லை.

முந்தைய எண்ணைக் கொடுத்தால் அடுத்த எண்ணைச் சொல்லிவிடுகிற ஒரு விதி. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடப் புரியும் விதி. அந்த விதி பெற்றுப்போடும் எண்களின் இலக்கங்களில் எப்போதாவது வரும் ஓர் அபூர்வ அமைப்பு. அது மறுபடி வருமா, வராதா? இன்றைய பேச்சு இந்தக் கேள்வியைப் பற்றியது.

கைப்பேசியில் 'அதிசய எண்' என்று ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறார்களே, அந்த வகை விஷயத்தில் எனக்கு ருசி இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவற்றில் பெரும்பாலானவைக்கு இரண்டு வரியில் விளக்கம் முடிந்துவிடும். நான் பேச வந்தது விளக்கம் முடியாத விஷயம். முடியாததற்குக் காரணம் ஓரளவு தெரிந்த விஷயமும்கூட.

முதலில் எண்ணின் வால் பக்கம் போவோம். ஓர் எண்ணை இரட்டிக்கும்போது புதிய எண்ணின் கடைசி இலக்கம் எதைப் பொறுத்தது? பழைய எண்ணின் கடைசி இலக்கத்தை மட்டும். அதற்கு இடப்பக்கம் ஆயிரம் இலக்கம் இருந்தாலும் அதற்குக் கவலை இல்லை. அதனால் 2, 4, 8, 6 என்று நான்கே நான்கு இலக்கங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கடைசி இரண்டு இலக்கங்களைப் பார்த்தால் இருபதுக்கு ஒரு முறை சுழற்சி, மூன்று இலக்கங்களுக்கு நூறுக்கு ஒரு முறை. எவ்வளவு நீளமான வாலைக் கேட்டாலும் அது ஏதோ ஒரு சுழற்சிக்குள் அடங்கிவிடும்.

பிபனாச்சி வரிசை உங்களுக்குத் தெரியும். முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்தது: 1, 1, 2, 3, 5, 8, 13. அங்கும் இதே கதைதான். கடைசி இலக்கம் 60-க்கு ஒரு முறை திரும்பும், கடைசி இரண்டு 300-க்கு, கடைசி மூன்று 1500-க்கு. இந்தச் சுழற்சியைக் கையில் வைத்துக்கொண்டு சில விஷயங்களை அடித்துச் சொல்லலாம். உதாரணமாக, எந்தப் பிபனாச்சி எண்ணும் 100 என்று முடியாது. நிரூபிக்க அரை நிமிடம் போதும். ஒவ்வொரு பிபனாச்சி எண்ணையும் எட்டால் வகுத்து மீதியை மட்டும் எழுதுங்கள்: 1, 1, 2, 3, 5, 0, 5, 5, 2, 7, 1, 0. அடுத்து மறுபடி 1, 1. பன்னிரண்டு மீதிகளோடு வட்டம் மூடிவிட்டது. இந்தப் பன்னிரண்டில் 4 இல்லை, 6 இல்லை. 100 என்று முடியும் எந்த எண்ணையும் எட்டால் வகுத்தால் மீதி 4. ஆகவே வராது. நாளைக்கும் வராது, கோடி கோடியாவது பிபனாச்சி எண்ணிலும் வராது. இதுதான் நிரூபணம். கணினி தேவைப்படவில்லை, காகிதத்தில் ஒரு வரி போதுமாக இருந்தது.

அடுத்து, தலைப் பக்கம். இங்கே சுழற்சி கிடையாது, வேறொரு ஒழுங்கு உண்டு. பெருக்கலைக் கூட்டலாக மாற்றும் மடக்கையை, நம் காலத்துக் கல்லூரி வழக்கில் கிளார்க்ஸ் டேபிளில் பார்ப்போமே அதை, எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இரட்டிப்புக்கும் மடக்கையில் 0.30103 கூடுகிறது. முழு எண் பகுதியைத் தள்ளிவிட்டுத் தசமப் பகுதியை மட்டும் பார்த்தால், அது 0-க்கும் 1-க்கும் நடுவே ஒரு வட்டப் பாதையில் சம நீள அடி வைத்து நடக்கிறது. இரண்டின் மடக்கை விகிதமுறா எண் என்பதால் வைத்த இடத்தில் மறுபடி கால் வைக்காது, வட்டம் முழுவதையும் சீராக நிரப்பும். அந்த வட்டத்தில் 1 என்று தொடங்கும் எண்களுக்கு 30.1 சதவீத இடம், 9 என்று தொடங்குபவற்றுக்கு 4.6 சதவீதம். மடக்கை அட்டவணைப் புத்தகங்களில் முன்பக்கங்கள்தான் அதிகம் அழுக்காகின்றன என்பதைக் கவனித்து 1881-இல் சைமன் நியூகம்ப் எழுதினார். 1938-இல் பென்ஃபோர்டு அதையே விரிவாக ஆராய்ந்ததால் அவர் பேர் நிலைத்துவிட்டது. பேர் வாங்கும் விஷயத்தில் கணிதம் எப்போதும் நியாயம் பார்ப்பதில்லை.

இரண்டின் அடுக்குகளில் 7 என்று தொடங்கும் முதல் எண்ணுக்கு 46-ஆவது அடுக்கு வரை காத்திருக்க வேண்டும்: 70368744177664. 9 என்று தொடங்க 53 வரை: 9007199254740992. ஆனால் கட்டாயம் வரும். உங்கள் வீட்டுத் தொலைபேசி எண்ணில் தொடங்கும் இரண்டின் அடுக்கும் உண்டு, உங்கள் ஆதார் எண்ணில் தொடங்குவதும் உண்டு. எத்தனைக்கு ஒன்று வரும் என்றுகூடச் சொல்லிவிடலாம்.

இந்த இரண்டு ஓரங்களும் எந்த அளவுக்கு நம் சொல் கேட்கும் என்பதற்கு ஓர் உதாரணம். 1 முதல் 9 வரை ஒவ்வோர் இலக்கமும் ஒரே ஒரு முறை வரும்படி கடைசி ஒன்பது இலக்கங்கள் அமைந்த முதல் பிபனாச்சி எண் 541-ஆவது எண். அதே அமைப்பு முதல் ஒன்பது இலக்கங்களில் வருவது 2749-ஆவதில். இரண்டு ஓரங்களிலும் ஒரே எண்ணில் வர வேண்டும் என்றால்? வாலில் அமைய ஏறத்தாழ 2,750-க்கு ஒன்று, தலையில் அமைய 2,500-க்கு ஒன்று. இரண்டும் சேர ஏறத்தாழ 70 லட்சத்துக்கு ஒன்று. நம் அதிர்ஷ்டம், 3,29,468-ஆவது எண்ணிலேயே வந்துவிடுகிறது. அது 245681739 என்று தொடங்கி 352786941 என்று முடிகிறது. எழுதிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், இரண்டிலும் ஒன்பது இலக்கங்களும் உண்டு.

இந்த எண்ணுக்கு மொத்தம் 68,855 இலக்கங்கள். ஆனால் அதைக் கண்டுபிடிக்க யாரும் அத்தனையையும் எழுதத் தேவையில்லை. வாலுக்கு ஒவ்வொரு கூட்டலிலும் கடைசி ஒன்பது இலக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டால் போதும். தலைக்கு மடக்கை போதும். நடுவில் இருக்கும் 68,837 இலக்கங்களை ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்க வேண்டியதில்லை.

சிக்கல் அந்த நடுவில்தான் இருக்கிறது. வால் இலக்கம் தன் வலப்பக்கத்தை மட்டும் பொறுத்தது, வலப்பக்கமோ மிகக் குட்டையானது. தலை இலக்கம் இடப்பக்கத்தைப் பொறுத்தது, அதுவும் குட்டை. நடு இலக்கத்துக்கு வலப்பக்கத்திலிருந்து 'கையில் ஒன்று' வந்துகொண்டே இருக்கிறது. அந்த ஒன்று வருமா வராதா என்பதை அதற்கு வலப்பக்கம் இருக்கிற ஆயிரக்கணக்கான இலக்கங்கள் தீர்மானிக்கின்றன. இடப்பக்கம் மடக்கையின் பிடி அங்கு எட்டாது. வலப்பக்கம் சுழற்சியின் பிடியும் எட்டாது.

சரி, வாலை மட்டும் வைத்தே பூஜ்ஜியப் பிரச்சினையை முடித்துவிட முடியாதா? எந்த எண்ணானாலும் கடைசி இருநூறு இலக்கங்களுக்குள் பூஜ்ஜியம் வந்தே தீரும் என்று காட்டிவிட்டால் வேலை முடிந்தது அல்லவா? நல்ல யோசனைதான். ஏன் பலிக்காது என்பதைக் கைப்பட எழுதிப் பார்த்தால் தெரியும்.

2-இல் முடியும் இரண்டின் அடுக்குகளை வரிசையாக எடுங்கள்: 32, 512, 8192, 131072, 2097152. பத்தாம் இடத்தை மட்டும் பாருங்கள்: 3, 1, 9, 7, 5. ஒற்றைப்படை இலக்கங்கள் ஐந்தும் வந்துவிட்டன, இரட்டைப்படை ஒன்றுகூட இல்லை. இப்போது 4-இல் முடிபவை: 64, 1024, 16384, 262144, 4194304. பத்தாம் இடம் 6, 2, 8, 4, 0. இங்கே ஐந்தும் இரட்டைப்படை. 6-இல் முடிபவற்றை நீங்களே வீட்டில் எழுதிப் பாருங்கள், ஒற்றைப்படை வரும். 8-இல் முடிபவற்றுக்கு இரட்டைப்படை.

இந்த ஒழுங்கு இரண்டாவது இலக்கத்தோடு நிற்பதில்லை. எந்த நீள வாலை எடுத்தாலும் அதன் இடப்பக்கம் சேரக்கூடிய புது இலக்கங்கள் சரியாக ஐந்து. அந்த ஐந்தும் ஒன்று முழுக்க ஒற்றைப்படை, அல்லது முழுக்க இரட்டைப்படை. இரண்டால் எத்தனை தடவை வகுபட வேண்டும் என்ற கட்டாயம் ஒற்றையா இரட்டையா என்பதை நிர்ணயிக்கிறது. ஐந்தின் அடுக்குகளில் நடக்கும் சுழற்சி அந்த ஐந்து இலக்கங்களையும் ஒவ்வொன்றாகக் கொண்டுவருகிறது.

இதன் விளைவைப் பாருங்கள். பூஜ்ஜியம் இல்லாத ஒரு வால் கையில் இருந்தால், அதிலிருந்து பிரியும் ஐந்து கிளைகளில் அதிகபட்சம் ஒன்றில்தான் பூஜ்ஜியம் சேரும். மற்ற நான்கும் தப்பிக்கும். ஒற்றைப்படையாக அமைந்தால் ஐந்துமே தப்பிக்கும். வாலை ஓர் இலக்கம் நீட்டும்போதெல்லாம் தப்பிப் பிழைப்பவை நான்கு மடங்குக்குக் குறையாமல் பெருகிக்கொண்டே போகின்றன. ஆகவே இருநூறு இலக்கம் என்ன, இரண்டு கோடி இலக்கத்துக்கும் பூஜ்ஜியமே இல்லாத வால் கொண்ட இரண்டின் அடுக்குகள் உண்டு. இது நிரூபணமான உண்மை. இன்னும் ஒரு படி மேலே போகலாம். ஒற்றைப்படைக் கிளைகளில் எப்போதும் 1 உண்டு, இரட்டைப்படைக் கிளைகளில் எப்போதும் 2 உண்டு. அப்படியானால் 1, 2 என்ற இரண்டு இலக்கங்கள் மட்டுமே கொண்ட வால் எவ்வளவு நீளத்துக்கும் கிடைக்கும். 89-ஆவது அடுக்கு 618970019642690137449562112. கடைசி நான்கு இலக்கம் 2112. ஐந்து இலக்கம் வேண்டுமானால் 22112 என்று முடிவதைத் தேட வேண்டும், அதுவும் எங்கோ இருக்கிறது.

ஆக வால் நமக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. பூஜ்ஜியம் வந்தே தீர வேண்டும் என்றால் அது நடுவிலிருந்துதான் வர வேண்டும்.

பிறகு எந்தத் தைரியத்தில் 86-தான் கடைசி என்கிறோம்? நடு இலக்கங்கள் குலுக்கிப்போட்டது போல விழுகின்றன என்று வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடுகிறோம். ஒவ்வோர் இலக்கமும் பூஜ்ஜியமாக இல்லாமல் இருக்கப் பத்தில் ஒன்பது வாய்ப்பு. 26 இலக்க எண்ணில் முதலும் கடைசியும் எப்படியும் பூஜ்ஜியம் இல்லை. மீதி 24 இலக்கமும் தப்பிக்க ஏறத்தாழ 8 சதவீத வாய்ப்பு. அபூர்வம்தான், ஆனால் நடக்கக்கூடியது. ஆயிரமாவது அடுக்குக்கு 302 இலக்கங்கள். அங்கே அந்த வாய்ப்பு 50 லட்சம் கோடியில் ஒன்று. ஆயிரத்துக்கு அப்பால் உள்ள எல்லா அடுக்குகளின் வாய்ப்பையும் கூட்டினாலும் கூட்டுத்தொகை ஒன்றும் இல்லாத அளவுக்குச் சிறியது. நம்பிக்கை இங்கிருந்து பிறக்கிறது. ஆனால் இலக்கங்களை யாரும் குலுக்கிப் போடவில்லையே! ஒவ்வோர் இலக்கமும் விதிப்படிதான் வந்து உட்கார்ந்திருக்கிறது. நிகழ்தகவு வாதம் எதை எதிர்பார்க்கலாம் என்று சொல்லும், எது நடந்தது என்று சொல்லாது. கணினித் தேடலையும் இந்த வாதத்தையும் சேர்த்து வைத்து 'கிட்டத்தட்ட நிரூபணம்' என்று பேசுபவர்களை எனக்குப் பிடிக்காது. நூறு வருடம் தேடினாலும் அது தேடல்தான்.

இது பத்து என்ற அடிமானத்துக்கு மட்டும் உரிய நோய் என்று நினைத்துவிடாதீர்கள். 1979-இல் பால் எர்டோஷ் ஒரு கேள்வி கேட்டார். 4 என்பது 3 கூட்டல் 1. 256 என்பது 243, 9, 3, 1 ஆகியவற்றின் கூட்டுத்தொகை. அதாவது மூன்றின் வெவ்வேறு அடுக்குகளை ஒவ்வொரு முறை மட்டும் எடுத்துக் கூட்டினால் இந்த இரண்டின் அடுக்குகள் கிடைக்கின்றன. மூன்றை அடிமானமாக வைத்து எழுதினால் 2 என்ற இலக்கமே வராது என்பதுதான் இதன் பொருள். 1, 4, 256-க்குப் பிறகு இப்படி ஓர் இரண்டின் அடுக்கு உண்டா? கிடையாது என்பது எர்டோஷின் ஊகம். 2022-இல் ராபர்ட் சேய் 5.9 கோடி கோடி கோடியாவது அடுக்கு வரை சரிபார்த்துவிட்டார். கோடி என்று மூன்று தடவை சொன்னது வாய் தவறி அல்ல. ஊகம் இன்றைக்கும் ஊகமாகவே இருக்கிறது.

இந்த இடத்தில் யாராவது எழுந்து, 'இதனால் என்ன பயன்?' என்று கேட்பது வழக்கம். சோற்றுக்கு ஆகும் பயன் எனக்குத் தெரியாது. ஆனால் கணிதத்தின் பெரிய கேள்வி ஒன்று இப்படி ஒரு நடு இலக்க அமைப்பில் போய்ச் சிக்கிக்கொண்டிருக்கிறது. அந்தக் கேள்வியை அந்த இடம் வரை கொண்டுவந்து சேர்த்தவர்களில் ஒருவர் நம் ஊர்க்காரர். இன்று நான் முக்கியமாகச் சொல்ல வந்தது அதைத்தான்.

1770-இல் எட்வர்ட் வாரிங் என்ற ஆங்கிலேயர் எழுதினார்: எந்த முழு எண்ணையும் நான்கு வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம், ஒன்பது கனங்களின் கூட்டலாக எழுதலாம், நான்காம் அடுக்குகள் என்றால் பத்தொன்பது போதும். நிரூபணம் எதுவும் தரவில்லை. ஆறாம் அடுக்குகளுக்கு எத்தனை தேவை? ஒரு கீழெல்லையை யார் வேண்டுமானாலும் கண்டுபிடிக்கலாம். ஆறாம் அடுக்குகள் 1, 64, 729 என்று போகின்றன. 703 என்ற எண்ணை எடுங்கள். 729-ஐவிடச் சிறியது என்பதால் நம் கையில் 64-உம் 1-உம் மட்டும்தான். பத்து 64 எடுத்தால் 640. மிச்சம் 63-க்கு 63 ஒன்றுகள். மொத்தம் 73. இதைவிடக் குறைவாக முடியாது. இதே தந்திரத்தை எந்த அடுக்குக்கும் செய்யலாம். இதைக் கவனித்தவர் பெரிய ஆய்லரின் மகன் யோஹான் ஆல்பிரெக்ட் ஆய்லர்.

கீழெல்லை இது. இதுவே போதுமான எண்ணிக்கையும்கூடவா? ஒவ்வோர் அடுக்குக்கும் ஏதோ ஒரு முடிவான எண்ணிக்கை போதும் என்பதையே 1909-இல்தான் ஹில்பர்ட் நிரூபித்தார். எத்தனை என்ற கேள்வி அப்படியே நின்றது.

அந்தக் கேள்வியை 1930-களில் சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகரில் உட்கார்ந்து ஒருவர் எடுத்தார். குற்றாலத்துக்குப் பக்கத்தில் வல்லம் என்ற ஊரில் 1901-இல் பிறந்த எஸ். எஸ். பிள்ளை, முழுப் பெயர் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் படித்து, சென்னையில் ஆனந்த ராவிடம் ஆராய்ச்சி செய்துவிட்டு, புதிதாகத் தொடங்கியிருந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்தவர். ரஷ்யரான வினோகிராதோவ் உருவாக்கியிருந்த முறையைக் கையில் எடுத்துக்கொண்டு 1936-இல் அவர் விடையைக் கண்டார். அதே சமயத்தில் அமெரிக்காவின் சிகாகோவில் டிக்சனும் தனியாக அதே விடையைக் கண்டார். ஏழாம் அடுக்கிலிருந்து மேலே, ஒரே ஒரு நிபந்தனை நிறைவேறினால், ஆய்லர் மகனின் கீழெல்லைதான் சரியான விடை. ஆறாம் அடுக்கு தனியாகத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தது. 1940-இல் அதையும் பிள்ளை முடித்தார்: 73.

அந்த ஒரே நிபந்தனை என்ன? இங்கேதான் இலக்கம் உள்ளே நுழைகிறது. மூன்றின் அடுக்குகளை இரும எண்ணாக, 0-உம் 1-உம் மட்டும் வைத்து எழுதுங்கள். ஆறாம் அடுக்கு 729. இரும வடிவில் 1011011001. ஆறாம் அடுக்கு என்பதால் வலப்பக்கமிருந்து ஆறு இலக்கம் எண்ணி ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் 1011, அதாவது 11. வலப்பக்கம் 011001, அதாவது 25. 729-ஐ 64-ஆல் வகுத்தால் ஈவு 11, மீதி 25 என்பதுதான் இது. நிபந்தனை: ஈவையும் மீதியையும் கூட்டினால் 64-ஐத் தாண்டக்கூடாது. 36 தாண்டவில்லை. தேறிவிட்டது. எட்டாம் அடுக்கு 6561: இடப்பக்கம் 11001, வலப்பக்கம் 10100001. 25-உம் 161-உம் சேர்ந்து 186. எல்லை 256. இதுவும் தேறியது.

எப்போது தேறாமல் போகும்? மீதி ஏறக்குறைய எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். இரும இலக்கத்தில் சொன்னால், கோட்டுக்கு உடனே வலப்பக்கத்தில் 1, 1, 1, 1 என்று ஒன்றுகளே வரிசையாக நிற்க வேண்டும். எத்தனை? மீதியின் மொத்த நீளத்தில் ஏறத்தாழ 41.5 சதவீதம். ஆயிரமாவது அடுக்கு என்றால், அந்த இடத்தில் 415 ஒன்றுகள் இடைவெளி இல்லாமல் நிற்க வேண்டும். கோடு எங்கே விழுகிறது என்று கவனியுங்கள். ஆயிரமாவது அடுக்குக்கு மொத்தம் 1,585 இரும இலக்கங்கள். கோடு வலமிருந்து ஆயிரமாவது இடத்தில். தலையும் இல்லை, வாலும் இல்லை, நட்டநடு.

ஒன்றை மூன்றால் பெருக்கிக்கொண்டே போவதுதான் விதி. அந்த வரிசையில் நடுவில் அப்படியொரு ஒன்றுகளின் அணிவகுப்பு வருமா? வந்தாலும் உலகம் அழிந்துவிடாது. அந்த அடுக்குக்கு மட்டும் விடை வேறொரு சூத்திரத்தால் கிடைக்கும், அதையும் அவர்கள் எழுதி வைத்துவிட்டார்கள். எல்லையை ஒட்டி மிச்சம் கிடந்த ஒரு சின்ன நிலையை 1940-களில் ருபுகுண்டே, நிவென் ஆகியோர் முடித்தார்கள். ஐந்தாம் அடுக்குக்கு 37 என்று 1964-இல் சென் ஜிங்ருன் நிரூபித்தார். பிடிவாதமாக நின்ற நான்காம் அடுக்குக்கு 19 என்று 1986-இல் பாலசுப்பிரமணியன், தேஷுயே, ட்ரெஸ் மூவரும் நிரூபித்தார்கள். இந்த ஆர். பாலசுப்பிரமணியன் பின்னாளில் சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். ஆக வாரிங் கேட்டதில் இன்று எஞ்சி நிற்பது மூன்றின் அடுக்குகளின் நடு இலக்கங்கள் மட்டும்.

பிள்ளை இதன் தொடர்ச்சியைப் பார்க்க இருக்கவில்லை. 1950 ஆகஸ்டில் அமெரிக்காவுக்குப் போகும் வழியில் கெய்ரோவுக்கு அருகே நடந்த விமான விபத்தில் இறந்துபோனார். அப்போது வயது 49.

1990-இல் குபினாவும் வுண்டர்லிச்சும் 47 கோடியே 16 லட்சமாவது அடுக்கு வரை கணினியில் சரிபார்த்தார்கள். ஒரு விலக்கும் இல்லை. அதற்கு மேல் ஒரு விலக்கு இருக்க வாய்ப்பு எவ்வளவு என்று பூஜ்ஜியத்துக்குப் போட்ட அதே குலுக்கல் கணக்கைப் போட்டால், தசமப் புள்ளிக்குப் பிறகு ஏறத்தாழ 5 கோடியே 89 லட்சம் பூஜ்ஜியம் எழுதிவிட்டுத்தான் முதல் இலக்கத்தை எழுத வேண்டும். இவ்வளவு சிறிய வாய்ப்பு நடைமுறை வாழ்க்கையில் எங்குமே கிடையாது. இதை வைத்துப் பந்தயம் கட்டலாம். தேற்றம் எழுத முடியாது.

தேற்றம் என்று இரண்டு இருக்கின்றன. ஒன்று 1957-இல் கர்ட் மாலர் தந்தது. அது பயங்கர வலிமையானது. 41.5 சதவீதம் என்ன, கோட்டுக்கு வலப்பக்கம் ஒரு சதவீத நீளத்துக்கு ஒன்றுகள் நிற்பதுகூட மொத்தத்தில் சில தடவைதான் நடக்கும், முடிவில்லாமல் நடக்காது என்கிறது. அதாவது ஏதோ ஓர் அடுக்குக்குப் பிறகு ஆய்லர் மகனின் விடை எப்போதும் சரி. எந்த அடுக்குக்குப் பிறகு? அதைச் சொல்லும் சக்தி அந்த நிரூபணத்துக்கு இல்லை. ரோத், ரிடவுட் ஆகியோரின் முறையில் நிற்கும் நிரூபணம் அது. விலக்குகள் அளவுக்கு மீறி இருந்தால் முரண்பாடு வரும் என்று காட்டுகிறது, அவை எங்கே நின்றுபோகும் என்பதற்கு விலாசம் தருவதில்லை. விலாசம் இல்லாததால் எத்தனை பெரிய கணினி வந்தாலும் எதுவரை சரிபார்த்தால் போதும் என்பதே தெரியாது.

இன்னொரு வகை விலாசத்தோடு வருகிறது. 1981-இல் பியூக்கர்ஸ் ஒரு முடிவு தந்தார், 2007-இல் வாடிம் சுடிலின் அதைக் கூர்மையாக்கினார். மூன்றரைப் பக்கத்தில் விளக்கக்கூடிய விஷயம் அல்ல, அதனால் விடையை மட்டும் சொல்கிறேன். மூன்றின் அடுக்கை இரண்டின் அதே அடுக்கால் வகுத்தால் கிடைப்பது ஒன்றரையின் அடுக்கு. அப்படி எதுவும், கணக்கிட்டுச் சொல்லக்கூடிய ஓர் இடத்துக்குப் பிறகு, முழு எண்ணுக்கு 0.5803-இன் அதே அடுக்கைவிட நெருக்கமாக வராது என்கிறார் சுடிலின். நம் இலக்க மொழியில், ஆயிரம் இலக்க நீள மீதியில் 786 ஒன்றுகள் வரிசையாக நிற்காது என்று உறுதி தரக்கூடிய முடிவு இது. பிள்ளையின் நிபந்தனைக்குத் தேவையானது 415 நிற்காது என்ற உறுதி. 0.5803 இருக்கும் இடத்தில் 0.75 வர வேண்டும். 1981-இல் அந்த எண் 0.5359. கால் நூற்றாண்டு உழைப்பில் அது நகர்ந்திருப்பது 0.0444.